நோட்டின் பின்பக்கமும் திரையின் எண்ணும்: எழுத்துப் பயிற்சிச் செயலி ஒன்றில் அழுத்த அளவீடு தவறிய நிகழ்வு

இது 2016 முதல் 2020 வரை திருச்சியில் நடந்தது. குழந்தைகளைத் தமிழ் எழுத்துகள் எழுதப் பழக்கும் செயலி ஒன்றை உருவாக்கிய மூவரில் நானும் ஒருவன். தொடுதிரையில் குழந்தை எவ்வளவு அழுத்தி எழுதுகிறது என்பதை அளந்து சொல்வதாக அந்தச் செயலி சொல்லிக்கொண்டது. உண்மையில் அது அழுத்தத்தை அளக்கவே இல்லை. அதை நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவனின் கையெழுத்து கெட்டுப்போயிருந்தது. கல்விச் செயலிகள், சிகிச்சைக்கான செயலிகள், விளையாட்டுகள் என்று எதிலாவது தொடுதிரை தரும் அழுத்த எண்ணை நம்பி வேலை செய்பவர்களுக்கு உதவும் என்பதற்காக இதை எழுதி வைக்கிறேன். பள்ளி, ஆசிரியை, குழந்தை ஆகியோரின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

எங்கள் மூவரில் ஒருவரின் அக்கா, நகரத்தின் புறத்தே ஒரு தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. குழந்தைகளுக்கு அவர் மிஸ்; எங்களுக்கும் அக்காதான். செயலியின் முதல் வடிவத்தை அவரிடம்தான் காட்டினோம். எழுத்தை எங்கே தொடங்க வேண்டும், கோடுகளின் வரிசை சரியா, வடிவம் எந்த அளவுக்கு ஒத்திருக்கிறது என்பவற்றை மட்டும் அது அப்போது பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா அதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, தன் மேசையில் கிடந்த ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்தைத் திருப்பினார். எழுதிய பக்கத்தை அவர் பார்க்கவில்லை. அதன் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். என் விரலையும் வைக்கச் சொன்னார். எழுத்துகள் தாளின் மறுபுறம் புடைத்து நின்றன. எழுதிய குழந்தைக்குப் பென்சில் முள் ஒரு நாளில் நான்கைந்து முறை ஒடியுமாம். பாதிப் பக்கம் எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்று உதறிக்கொள்வானாம். அடுத்த நோட்டின் பின்பக்கம் வழவழவென்று இருந்தது. அந்தப் பெண் எழுதுவது சரியாகவே பதிவதில்லை. சாய்த்துப் பிடித்தால்தான் படிக்க முடியும்.

வடிவம் தவறினால் வீட்டில் இருப்பவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள், அழுத்தம் தவறினால் யாருக்கும் தெரிவதில்லை என்றார் அக்கா. எழுதச் சோம்பேறித்தனம் என்று அடி வாங்கும் குழந்தைகளில் பலர் உண்மையில் கை வலியால் எழுதாதவர்கள். இதைத் திரை சொல்லுமா என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானது. அதற்கு நாங்கள் தந்த பதில்தான் தவறியது.

2016: காட்டிய கைபேசியும் வாங்கிய கருவியும்

2015 செப்டம்பரில் வெளியான ஐபோன் 6எஸ் கைபேசியில், திரையை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உணரும் த்ரீடி டச் என்ற வசதி வந்திருந்தது. மேற்கண்ணாடியை விரலால் அழுத்தும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவில் வளையும். திரையின் பின்னொளி அடுக்கோடு சேர்த்துப் பதிக்கப்பட்ட உணரிகள், கண்ணாடிக்கும் தங்களுக்கும் இடையில் உள்ள இடைவெளி குறைவதை மின்தேக்குத்திறனின் மாற்றமாக அளந்தன. இரு தகடுகள் நெருங்கினால் மின்தேக்குத்திறன் கூடும் என்று பள்ளியில் படித்த அதே விதிதான். அதே செப்டம்பரில் பெர்லினில் நடந்த ஐஎஃப்ஏ கண்காட்சியில் ஹுவாவே நிறுவனம் தன் மேட் எஸ் கைபேசியின் திரைமேல் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்து எடை போட்டுக் காட்டியிருந்தது. அந்தக் காணொளியை நாங்கள் மூவரும் திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

நண்பர் ஒருவரின் ஐபோன் 6எஸ்ஸை இரவல் வாங்கி இரண்டு வாரத்தில் ஒரு மாதிரியைச் செய்தோம். விரலை அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். பக்கவாட்டில் ஒரு பட்டை: மிதமான அழுத்தத்துக்குப் பச்சை, மிகையானால் சிவப்பு. பள்ளியின் தாளாளர் ழகரத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தார். மூன்றாவது முறை வேண்டுமென்றே அழுத்தினார், பட்டை சிவந்தது. அவருக்கு அது பிடித்துவிட்டது.

அந்தக் கைபேசியில் வேறொரு நல்ல குணமும் இருந்தது. அதன் முக்கியத்துவம் அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. இந்தக் கருவியில் அழுத்தத்தை உணரும் வன்பொருள் உண்டா என்று ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸிடம் செயலி கேட்கலாம். உண்டு, இல்லை என்று அது நேரே பதில் சொல்லும்.

பள்ளி வாங்கியது ஐபோன்களை அல்ல. இரண்டாம் வகுப்புக் குழந்தைகளின் கையில் அவ்வளவு விலையுள்ள பொருளைக் கொடுக்க எந்தப் பள்ளியாலும் முடியாது. 2017 கல்வியாண்டுக்காக எட்டு ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் வந்தன. விலை பார்த்து வாங்கியவை. செயலியை ஆண்ட்ராய்டுக்கு மாற்றி எழுதும் பொறுப்பு என்னுடையது. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு தொடுகையோடும் கெட்பிரஷர் என்ற செயற்கூறு ஓர் எண்ணைத் தருகிறது. 0 என்றால் அழுத்தம் இல்லை, 1 என்றால் இயல்பான அழுத்தம், கருவியின் அளவுதிருத்தத்தைப் பொறுத்து 1க்கு மேலும் போகலாம் என்கிறது அதன் ஆவணம். பெயரில் பிரஷர் இருந்தது, எண் வந்தது, விரலை அழுத்தினால் அந்த எண் கூடவும் செய்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

2017 ஜூன் முதல் செப்டம்பர் வரை: கண்டவை

முதல் வாரத்திலேயே ஓர் அறிகுறி தெரிந்தது. அதைக் கவனித்தவர் அக்கா. காலை வகுப்பில் பச்சையில் எழுதும் குழந்தைகள், மதிய உணவுக்குப் பிறகு சிவப்பில் எழுதினார்கள். சாப்பிட்டுக் களைத்து வந்தால் அழுத்தம் குறைய வேண்டுமே, எப்படிக் கூடுகிறது என்று தொலைபேசியில் கேட்டார். பசி தீர்ந்த சுறுசுறுப்பாக இருக்கும் என்று நான் சொன்னேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. குழந்தைகள் கை கழுவிவிட்டு ஈரம் காயாத விரலோடு வந்து உட்கார்ந்தார்கள். காரணம் அவ்வளவுதான்.

ஆகஸ்டில் மேலும் நான்கு டேப்லெட்டுகள் வந்தன. வேறு மாடல். அவற்றில் எந்தக் குழந்தை எழுதினாலும் பட்டை தொடக்கம் முதல் முடிவு வரை சிவப்பிலேயே நின்றது. பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாத் தொடுகைகளுக்கும் ஒரே எண்: 1.0. அந்த இடத்திலாவது நான் நின்று யோசித்திருக்க வேண்டும். நான் செய்தது வேறு. இந்த மாடலுக்கு அளவுகோல் மாறுபடுகிறது போலும் என்று முடிவு செய்து, அதற்கு மட்டும் எல்லைகளை மாற்றி 1.0 பச்சைக்குள் விழும்படி அமைத்தேன். அதன்பின் அந்த நான்கு கருவிகளில் எல்லாக் குழந்தைகளும் எப்போதும் பச்சை. இதை அளவுதிருத்தம் என்று எங்கள் வேலைக் குறிப்பில் எழுதியும் வைத்தேன்.

வீட்டில் பயிற்சி செய்வதற்காக உலாவியில் இயங்கும் வடிவம் ஒன்றையும் கொடுத்திருந்தோம். பெற்றோரின் கணினியில் அது ஓடியது. பலர் குழந்தையின் கையில் மவுஸைக் கொடுத்து வரையச் சொன்னார்கள். அந்தப் பதிவுகளில் அழுத்தத்துக்கு எல்லாருக்கும் நூற்றுக்கு 50, அதாவது சரியான நடு அளவு. வீட்டில் குழந்தைகள் பதற்றமில்லாமல் எழுதுகிறார்கள், அதனால்தான் அழுத்தம் இவ்வளவு சீராக இருக்கிறது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பள்ளிக்கு அனுப்பிய மாத அறிக்கையிலும் அப்படியே எழுதினோம். மவுஸ், விரல், பேனா ஆகியவற்றின் அசைவை உலாவிகள் எப்படித் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லும் பாயின்டர் ஈவென்ட்ஸ் வரையறை தெளிவாகவே சொல்கிறது: அழுத்தத்தை உணர முடியாத கருவியாக இருந்தால், பொத்தான் அழுந்தியிருக்கும் வரை அல்லது விரல் பட்டிருக்கும் வரை 0.5 என்ற எண்ணையே தர வேண்டும். ‘தெரியவில்லை’ என்பதற்கு அங்கே வைத்திருக்கும் எண் 0.5. நாங்கள் அதை ‘மிகச் சரி’ என்று படித்தோம்.

இனி அந்தச் சிறுவன். ஏழு வயது. முதல் எட்டு டேப்லெட்டுகளில் ஒன்றில் எழுதுபவன். அவனுக்கு எந்நேரமும் சிவப்பு. விரல் நுனி அகலம், உள்ளங்கை எப்போதும் வியர்க்கும், கண்ணாடியில் விரல் வழுக்காமல் இருக்க விரலைப் படுக்கவைத்து எழுதுவான். மெதுவாகத்தான் தொடுகிறேன் மிஸ் என்று பல முறை சொல்லியிருக்கிறான். மாத அறிக்கையைப் பார்த்த அவன் அம்மா வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, இன்னும் மெதுவாக என்று பழக்கியிருக்கிறார். அந்த அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் அனுப்பிய தாளில் இருந்ததைத்தான் அவர் செய்தார்.

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் அவன் நகத்தின் ஓரத்தால் திரையைத் தொட ஆரம்பித்தான். பட்டை பச்சையானது, ஆனால் கோடுகள் நடுவே அறுந்தன. ழகரத்தின் கீழ்ச்சுழி தனியே விழுந்தது. காலாண்டுத் தேர்வில் அவன் பென்சிலால் எழுதிய விடைத்தாளை அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத்தான் திருத்த வேண்டியிருந்தது. ஜூன் மாதத்து நோட்டை எடுத்துப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். அப்போதும் புடைப்பு இல்லை, அளவாகத்தான் எழுதியிருந்தான். எந்நாளும் அழுத்தி எழுதாத பையனுக்கு அழுத்தாதே என்று மூன்று மாதம் சொல்லியிருக்கிறோம் என்று அன்று மாலை தொலைபேசியில் சொன்னார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

தராசின்மேல் வைத்துப் பார்த்தது

அந்த வாரக் கடைசியில் மூவரும் என் வீட்டில் கூடினோம். எங்களிடம் விசையை அளக்கும் கருவி எதுவும் இல்லை. சமையலறையில் உளுந்து நிறுக்கும் மின்னணுத் தராசு இருந்தது. அதன்மேல் கைபேசியை வைத்து எண்ணைச் சுழியாக்கிவிட்டால், பிறகு விரல் எவ்வளவு அழுத்துகிறதோ அதைத் தராசு கிராமில் காட்டும். திரையில் ஓடும் எண்ணைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். டேப்லெட் தராசின் எண்பலகையை மறைத்தது. அதனால் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் டேப்லெட்டை வைத்தோம். ஓரத்தில் அழுத்தினால் சாயும் என்பதால் நடுவில் மட்டுமே அழுத்தினோம்.

முதலில் அதே இரவல் ஐபோன். தராசின் எண் ஏற ஏறத் திரையின் எண்ணும் ஏறியது. தராசு 400 கிராமை ஒட்டி வந்தபோது திரையின் எண் உச்சத்தைத் தொட்டு அதற்குமேல் அசையவில்லை. விரலைப் படுக்கவைத்தாலும் நிமிர்த்தினாலும் அதே கிராமுக்கு ஏறக்குறைய அதே எண். இது அளவி.

அடுத்து, சிறுவன் பயன்படுத்திய மாடல். கட்டைவிரலைப் படுக்கவைத்து லேசாகத் தொட்டேன். தராசு 40 கிராம் காட்டியது, பட்டை சிவப்பு. ஆள்காட்டி விரலை நிமிர்த்தி நுனியால் குத்தினேன். தராசு 300ஐத் தாண்டியது, பட்டை பச்சை. குழாயில் கையை நனைத்துத் துடைத்துவிட்டு, அதே விரலால் முன்பு போலவே லேசாகத் தொட்டேன். எண் முன்பைவிடக் கூடியது, தராசு கூடவில்லை. மதியச் சிவப்பின் காரணம் அந்த நிமிடத்தில் புரிந்தது. நான்காம் முறை விரலை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது மாடலில் என்ன செய்தாலும் 1.0. தராசு அரைக் கிலோ காட்டியபோதும் 1.0.

முழுச் சோதனைக்கும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதை ஜூன் மாதத்திலேயே செய்திருக்கலாம்.

அந்த எண் எங்கிருந்து வந்தது

சாதாரணத் தொடுதிரையில் விசையை உணரும் பாகம் எதுவும் இல்லை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் பட்ட இடத்தில் மின்தேக்குத்திறன் மாறுகிறது. எந்தக் கட்டங்களில், எவ்வளவு மாறியது என்று கட்டுப்பாட்டுச் சில்லு பார்க்கிறது. விரலின் சதை மென்மையானது. அழுத்தினால் பரந்து அதிகக் கட்டங்களை மூடும்; குறிப்பலை வலுக்கும். அந்தப் பரப்பிலிருந்தோ குறிப்பலையின் வலிமையிலிருந்தோ ஊகித்த எண்ணைத்தான் பல ஆண்ட்ராய்டு கருவிகள் அழுத்தம் என்ற பெயரில் தருகின்றன. ஒரே விரல், ஒரே கோணம், ஒரே ஈரம் என்றால் ஊகம் ஓரளவு பலிக்கும். நான் என் மேசையில் உட்கார்ந்து என் விரலால் சோதித்தபோது பலித்தது அதனால்தான். இரண்டு குழந்தைகளை ஒப்பிடும்போது அது விரலின் அகலத்தையும் வியர்வையையும் சொல்கிறதே தவிர விசையைச் சொல்வதில்லை. ஊகிக்கக்கூட முயலாத கருவிகள் 1.0 என்று தந்துவிட்டுப் போகின்றன.

இயற்பியலில் அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்துக் கிடைப்பது. ஒரே விசை அகலமான பரப்பில் பட்டால் அழுத்தம் குறையும். எங்கள் டேப்லெட் அகலமான பரப்பைக் கண்டதும் அழுத்தம் அதிகம் என்றது. அந்தச் சிறுவனைப் பொறுத்தவரை எங்கள் எண் உண்மைக்கு நேர் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது.

அக்கா இன்னொன்றையும் சொன்னார். எங்கள் மூவருக்கும் தோன்றாதது அது. ஐபோனில் அளந்ததுகூடப் பயன்படாது, ஏனென்றால் அது விரலின் விசை. பென்சில் தாளில் உரசி நிற்கும். கண்ணாடியில் விரல் வழுக்கும். வழுக்கும் இடத்தில் நிலைகொள்ளக் குழந்தை வேறு மாதிரி அழுத்தும். மூன்று விரலில் பிடித்த பென்சிலின் அழுத்தத்தை ஒற்றை விரலின் அழுத்தத்திலிருந்து அறிய முடியாது. நல்ல உணரி இருந்திருந்தாலும் நாங்கள் அளந்திருக்கப்போவது வேறொன்றை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்று இரவே அழுத்தப் பட்டையை எல்லா வடிவங்களிலிருந்தும் நீக்கினோம். இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் தொடக்கத்தில் ஒரு முறை மெதுவாகவும் ஒரு முறை அழுத்தியும் எழுதவைத்து, அதை அளவாகக் கொள்ளலாம் என்றார் குழுவில் ஒருவர். நல்ல யோசனைதான். ஆனால் கை கழுவிவிட்டு வந்தால் அந்த அளவு போய்விடுகிறது. விரலின் கோணம் மாறினாலும் போய்விடுகிறது. காலையில் எடுத்த அளவு மதியத்துக்குச் செல்லாது என்றால் அதைக் குழந்தையின்மேல் தீர்ப்பாக வைக்கக் கூடாது என்று முடிவு செய்தோம்.

அடுத்த முடிவு கடினமானது. பெற்றோருக்குத் தெரிவிப்பதா? சத்தமில்லாமல் நீக்கிவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று தாளாளர் கருதினார். டேப்லெட்டுகளுக்குச் செலவழித்தது வீண் என்று பெற்றோர் பேசுவார்கள் என்ற அவரது கவலையில் நியாயம் இருந்தது. ஆனால் வீடுகளில் அந்த அறிக்கையை வைத்துக் குழந்தைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். பட்டை போனாலும் அறிவுரை நிற்காது. ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். ஜூன் முதல் அனுப்பிய அறிக்கைகளில் அழுத்தம் பற்றிய பகுதி முழுவதும் தவறு, அதை வைத்துக் குழந்தையிடம் எதையும் சொல்லியிருந்தால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள், தவறு செயலியில்தான், குழந்தையிடம் இல்லை என்று இருந்தது அதில். சிறுவனின் வீட்டுக்கு அக்காவும் நானும் நேரில் போனோம். உன் விரல் சரியாகத்தான் இருந்தது, நாங்கள் செய்த கருவிதான் தப்பாகச் சொல்லிவிட்டது என்று அவனிடம் நேராகச் சொல்ல வேண்டும் என்பது அக்காவின் கண்டிப்பு. சொன்னேன். அப்படியென்றால் நான் படுக்கவைத்தே எழுதலாமா என்று கேட்டான்.

உண்மையான அழுத்தத்தை அளக்கும் வழிகளையும் தேடினோம். ஓவியர்கள் பயன்படுத்தும் வரைபலகை ஒன்றை இரவல் வாங்கினோம். அதில் அழுத்தத்தை உணர்வது பேனாவின் முனை. பரப்பும் ஈரமும் தொல்லை தருவதில்லை. ஆப்பிள் பென்சிலும் சாம்சங்கின் எஸ் பென்னும் இந்த வழியில் வந்தவையே. அளவு நன்றாக இருந்தது. ஆனால் அந்தப் பேனா ஏழு வயதுக் கைக்குத் தடிமன். பிளாஸ்டிக் முனை வழுக்கியது. ஒன்றின் விலையில் ஒரு வகுப்புக்கு ஆண்டு முழுவதும் நோட்டு வாங்கலாம். தாளுக்கு அடியில் எடையுணரிகள் வைத்த எழுதுபலகை ஒன்றையும் நாங்களே செய்தோம். மின்னணுத் தராசின் உள்ளே இருப்பவைதான். குழந்தை முன்கையைப் பலகைமேல் ஊன்றியதும் கையின் எடை முழுவதும் அளவில் சேர்ந்துவிட்டது. கையை ஊன்றாமல் எழுது என்று சொன்னால் அது எழுத்துப் பயிற்சியையே கெடுக்கும். அதையும் கைவிட்டோம்.

கடைசியில் நிலைத்தது கார்பன் தாள். கையெழுத்துப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்கள் பலரும் கையாளும் பழைய முறைதான்; அக்கா ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டிருந்தார். எழுதும் தாளுக்கு அடியில் கார்பன், வெள்ளைத் தாள், மறுபடி கார்பன், வெள்ளைத் தாள். முதல் நகலில் எழுத்து தெளிவாகவும் இரண்டாவதில் மங்கலாகவும் விழுந்தால் அளவு. இரண்டாவதும் கறுத்து விழுந்தால் மிகை. முதலாவதே விழவில்லை என்றால் குறைவு. குழந்தைகளுக்கு இது விளையாட்டாக இருந்தது. தாளைத் தூக்கிப் பார்ப்பதற்காகவே எழுதினார்கள். சிவப்பும் பச்சையும் யாருக்கும் தேவைப்படவில்லை. செயலி கோட்டு வரிசையையும் வடிவத்தையும் மட்டும் பார்த்தது. அந்த வேலையை அது நன்றாகவே செய்தது.

பின்னர் நடந்தவை

சிறுவனின் பென்சில் எழுத்து அரையாண்டுத் தேர்வுக்குள் பழைய கறுப்புக்கு வந்துவிட்டது. அக்காவின் கட்டைவிரல் சொன்ன முடிவு அது. டேப்லெட்டைத் தொட மட்டும் அந்த ஆண்டு முழுவதும் அவன் தயங்கினான். தன் முறை வந்தால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை.

கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு பெற்றோர் தாளாளரிடம் கோபமாகப் பேசினார்கள். மற்றவர்களில் பலர், வேறு எதுவெல்லாம் தவறாக இருக்கலாம் என்று எங்களிடம் கேட்டார்கள். அந்தக் கேள்விக்காக வடிவ மதிப்பெண்ணையும் அக்காவின் திருத்தத்தோடு ஒப்பிட்டுச் சோதித்தோம். அது தாங்கியது.

வெளியுலகில் அந்தத் தொழில்நுட்பமே பின்வாங்கியது. 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆரில் த்ரீடி டச் இல்லை. 2019இல் ஐபோன் 11 வரிசை முழுவதிலும் இல்லை. அழுத்துவதற்குப் பதிலாக விரலை நீண்ட நேரம் வைத்திருக்கும் முறை வந்தது. 2020இல் ஆப்பிள் கைக்கடிகாரத்திலும் அழுத்த உணர்வு நீக்கப்பட்டது. எந்த இடத்தை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதற்குத் திரையில் எந்த அடையாளமும் இல்லாததால், அந்த வசதி தம் கைபேசியில் இருப்பதே பலருக்குத் தெரியாமல் போனது. பள்ளி தொடக்கத்திலேயே ஐபோன்களை வாங்கியிருந்தால், அளவி என்று நாங்கள் நம்பிய பாகம் அடுத்த கருவியில் இருந்திருக்காது. 2019இல் வந்த கூகுளின் பிக்சல் 4 கைபேசி, தனி உணரி இல்லாமல், விரலின் மின்தேக்குப் படம் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்பதை இயந்திரக் கற்றல் மூலம் படித்து, அழுத்தமா நீண்ட தொடுகையா என்று பிரித்தறிந்தது. பட்டியலைச் சீக்கிரம் திறப்பதற்கு அது போதும். அதுவும் ஊகம்தான், கிராம் கணக்கு அதில் கிடைக்காது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது எங்கள் வேலையும் நின்றது. கார்பன் தாள் முறையை வீட்டில் எப்படிச் செய்வது என்று அக்கா ஒரு சிறு காணொளி எடுத்துப் பெற்றோருக்கு அனுப்பினார். செயலியைத் திறந்தவர்களைவிட அந்தக் காணொளியைக் கேட்டு வாங்கியவர்கள் அதிகம்.

மறுபடி தொடங்கினால் மாற்றுபவை

தராசுச் சோதனையை முதல் நாளில் செய்வேன். காட்சிக்கு வைக்கும் கைபேசியில் செய்தால் போதாது. குழந்தையின் கைக்குப் போகப்போகும் அதே மாடலில், அகலமான விரல், மெல்லிய விரல், உலர்ந்த விரல், ஈரமான விரல் என்று நான்கையும் வைத்துப் பார்ப்பேன். புதிய மாடல் வரும்போதெல்லாம் திரும்பச் செய்வேன்.

ஓர் எண் மாறாமல் நின்றால், அல்லது 0.5, 1.0 என்று வட்டமாக வந்தால், எதுவும் அளக்கப்படவில்லை என்றே முதலில் எடுத்துக்கொள்வேன். எல்லையை மாற்றிப் பச்சையாக்கிய அன்று என் கையில் இருந்த ஆதாரத்தை நானே அழித்தேன். இந்த நிகழ்வில் என் தவறுகளில் அதைத்தான் மிகப் பெரியதாக நினைக்கிறேன். ஆவணத்தைச் சரியாகப் படிக்காதது கவனக்குறைவு. எண் பொருந்தவில்லை என்று தெரிந்தபின் அதைப் பொருந்தவைத்ததை அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

அளக்க முடியாத கருவியில் அந்தப் பட்டையே தோன்றக் கூடாது. ஐஓஎஸ் போல உண்டு, இல்லை என்று சொல்லாத தளத்தில், இல்லை என்றே வைத்துக்கொண்டு எழுதுவேன்.

மாத அறிக்கையில் குழந்தையைப் பற்றிய எந்த வரியும் ஆசிரியையின் கண்ணுக்கும் கைக்கும் முதலில் போக வேண்டும். ஜூன் மாதமே அக்காவிடம் நோட்டுகளையும் பதிவுகளையும் சேர்த்துக் கொடுத்திருந்தால், பின்பக்கம் வழவழவென்று இருக்கும் நோட்டுக்குச் சொந்தக்காரன் எங்கள் பதிவில் எப்படிச் சிவப்பில் இருக்கிறான் என்று முதல் வாரத்திலேயே கேட்டிருப்பார். மதியச் சிவப்பைப் பற்றி அவர் கேட்டபோது, தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்று நான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தத் தராசு இப்போதும் என்னிடம் இருக்கிறது. புதிய கருவி எது வந்தாலும் முதலில் அதன்மேல்தான் வைக்கிறேன்.